தெருவிலிருந்து வரும் குழாய்

அம்மாப்பேட்டைக்குக் காவேரித் தண்ணீர்
நாலு நாளைக்கு ஒருமுறை, விடியுமுன் வரும்.
அன்றைக்கென்று பார்த்துக்
குழாய் கடித்தது பூங்காவனத்தை.

'கடிக்குதுன்னா எப்படி?'
'எறும்பு மாதிரி.
ஈரக்காலோட நின்னா கட்டெறும்பு.'

மெயினை இறக்கினேன்.
ஃபேன் நாலு சுற்றுச் சுற்றி நின்றது.
மீட்டரின் சிவப்புப் புள்ளி சிமிட்டலை விட்டது.
டெஸ்டரைக் குழாயில் வைத்தேன்.
உள்ளே மினுக்கென்றது
நெல்மணி அளவு வெளிச்சம்.

இந்த வீட்டில் கரண்டே இல்லை.
இந்த வீட்டுக் குழாயில் இருக்கிறது.

சுவருக்கு அந்தப் பக்கம்
அர்த்தநாரியின் ஆறு தறியும்
இரவு ஷிப்டை முடிக்காமல் இரைந்துகொண்டிருந்தன.
அந்தச் சுவரை ஒன்றரையடி தள்ளிக் கட்டியதில்
பதினொரு வருடமாகப் பேச்சில்லை இரு வீட்டுக்கும்.
பேச்சுப் போகாத வழியில்
மண்ணுக்கடியில்
இரும்பு போயிருக்கிறது.

என்னைப் போல எவனோ ஒரு வயர்மேன்
எர்த்துக்குக் குழி தோண்டச் சோம்பி
மோட்டாரின் பச்சை வயரைத்
தண்ணிக் குழாயில் நாலு சுற்றுச் சுற்றிவிட்டுக்
கூலி வாங்கிப் போயிருக்கிறான்.
திட்ட வாய் வரவில்லை.
சேலத்தில் இரண்டடி தோண்டினால் பாறை.
கடப்பாரை பல்லை இளிக்கும்.

குழாய் வீட்டுக்குள் நுழைந்ததும்,
வால்வுக்கு ஒரு சாண் இந்தப் பக்கம்,
துருவைச் சுரண்டினேன், வெள்ளை தெரிகிறவரை.
க்ளாம்ப் மாட்டித் தடித்த செம்புக் கம்பியை
எர்த் கட்டைக்கு இழுத்தேன்.

'அவன் வீட்டுத் தப்புக்கு
என் வீட்ல எதுக்குப்பா கம்பி?
காசு யாரு தர்றது?'

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.
மேடு பள்ளம் இருந்தாத்தானக்கா தண்ணி ஓடும்.
குழாயும் கிரைண்டரும் தரையும்
ஒரே மட்டத்துக்கு வந்துட்டா
உங்க உடம்பு வழியா இறங்க
அதுக்குச் சோலி இல்ல.
தப்பு அங்கயேதான் இருக்கும்.
உங்களத் தொடாது.

கையை நீட்டினாள். இழுத்துக்கொண்டாள். நீட்டினாள்.
பிறகு எட்டுக் குடம் பிடித்தாள்.
எனக்கு நூறு ரூபாய் பாக்கி.

ஆடியில் மாநகராட்சி ஆட்கள் வந்தார்கள்.
துருவேறிய இரும்பைப் பிடுங்கித்
தெருவோரம் போட்டுவிட்டு
நீலக் குழாய் புதைத்தார்கள், வீட்டு வால்வுவரை பிளாஸ்டிக்.
அது தண்ணீரைத் தவிர
பக்கத்து வீட்டு எதையும் சுமந்து வராது.
பிணைக்க இனி ஒன்றுமில்லை.
ஆனாலும் பொறுப்பான பிள்ளைகள்,
கழற்றிய க்ளாம்பை
நீலக் குழாயிலேயே திரும்ப மாட்டியிருந்தார்கள்,
தூணுக்குத் தாலி கட்டினது போல.
பூங்காவனம் அதில் தேங்காய் நார் சொருகியிருந்தாள்.
'செம்பு கிலோ என்ன வெல போகுது?' என்றாள்.

சிரித்தபடி வண்டியை எடுத்தேன்.
தாதகாப்பட்டி கேட் அருகே சிரிப்பு நின்றது.
தெருவில் இரும்பு இல்லையென்றால்
அந்தப் பச்சை வயர்
இப்போது எதைப் பிடித்துக்கொண்டிருக்கும்?
எங்கும் போகாத ஒரு முழத் துண்டை.

கூப்பிடாமல் வருகிற வயர்மேனை
யாரும் நம்புவதில்லை.
அர்த்தநாரி என்னை மேலும் கீழும் பார்த்தார்.
தறிக்கூடத்துக்குள் ஒருநாளும் செருப்பேற்றாதவர்
காலில் புது ரப்பர் செருப்பு.
'ரெண்டு நாளா தறி கடிக்குது' என்றார்.
'எனக்குன்னா பரவால்ல.
பாவு பிடிக்கிற பொண்ணு அழுதுட்டுப் போயிருச்சு.'

ஆறு மோட்டாரையும் நிறுத்தினேன்.
தெருவே காது அடைத்ததுபோல் ஆயிற்று.
கொல்லையில் கடப்பாரை போட்டேன்.
இரண்டடியில் பாறை.
முருங்கைப் பக்கம் நகர்ந்து போட்டேன்,
கொஞ்சம் இறங்கியது. கரியும் உப்பும் வாங்க ஆள் போயிற்று.

சுவருக்கு மேல் ஒரு தலை முளைத்தது.
'குழிக்குத் தண்ணி ஊத்தணுமாமே,
எத்தன குடம்?'
என்னைக் கேட்டாளா அவரைக் கேட்டாளா,
பார்வை முருங்கைமரத்தில் இருந்தது.
'நாலு நாளைக்கு ஒருக்கா வர்ற தண்ணி.
கணக்கு வச்சுக்கச் சொல்லு.'